ரத்தான ரயில்களுக்கு நடுவே ஒரு முகூர்த்தம்

ரயில் பிந்தினால் மன்னிப்புக் கேட்கிற நாடு இது. ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் உருகி உருகிக் கேட்கும். ஊரில், சுன்னாகத்தில், சண்டையால் ரயில் அடியோடு நின்றபோது எங்களிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிக் கூரையாகிப் போயின. ஆனாலும் அந்தத் தை மாதக் காலை, டொரொன்டோவின் பழைய பெரிய ஸ்டேஷனில், அந்தக் குரல் ரயில்களை ஒவ்வொன்றாக ரத்துச் செய்தபோது எனக்குப் பொல்லாத எரிச்சல் வந்தது. அன்றைக்கு எனக்குக் கலியாணம்.

மொன்றியலில் இருந்து நானும் மாமாவும் வந்து இறங்கியிருந்தோம். கூட்டிப்போக வந்த மாப்பிள்ளை கோட்டெல்லாம் பனியோடு நின்றார். வெளியே கொட்டுகிற பனியில் தெருவையே காணவில்லை. மண்டபம், ஐயர், கூறைச்சேலை எல்லாம் நகரத்தின் மறுகோடியில். முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. தள்ளிவைக்கலாம் என்றால், புத்தூரில் அம்மா அதே நேரத்துக்கு ஊரைக் கூப்பிட்டுப் பந்தி வைக்கிறா. பிள்ளைகள் வெளிநாட்டில் கட்டினால் பெற்றவர்கள் அங்கே சோறு போடுவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். அறிவிக்க அங்கே தொலைபேசி இல்லை. தாலி ஏறாத மகளுக்காக அம்மா ஊருக்குப் பரிமாறுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“தாலிக்கொடி எங்கை?” என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

“அறையிலை வைக்கப் பயத்திலை கையோடை கொண்டுவந்தனான்.”

“அப்ப இஞ்சையே கட்டுங்கோ.”

“ஐயர் இல்லாமலோ பிள்ளை?” என்றார் மாமா.

“ஐயரைப் பிறகும் பிடிக்கலாம் மாமா. நேரத்தைப் பிடிக்கேலாது.”

மாமா ஸ்டேஷன் காவலாளியிடம் போய், கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். கிழக்கே போகிற ரயில் எதுவும் இன்றைக்கு இல்லை என்று அவர் பரிதாபப்பட்டார். மணமக்கள் கிழக்குப் பார்த்து நிற்கவேண்டும் என்று விளக்க மாமாவின் ஆங்கிலம் போதவில்லை. தாலிக்கொடியையும் என் கழுத்தையும் மாறிமாறிக் காட்டினார். விளங்கியதும் காவலாளி எங்களைக் கூட்டிப்போய்ப் பெரிய மணிக்கூட்டுக்குக் கீழே நிறுத்தி, ஒரு சுவரைக் காட்டினார். கற்பூரம் கொளுத்த மட்டும் விடவில்லை.

கழுத்துச் சால்வையைக் கழற்றினேன். கோட்டோடேயே தாலி ஏறியது. கூடாத சொல் காதில் விழக்கூடாது என்றுதான் எங்கள் ஆட்கள் கெட்டிமேளம் அடிப்பது. எனக்கோ மேலே இருந்து அந்தக் குரல் ரத்து, ரத்து என்று அடுக்கத் தொடங்கியது. அந்த நேரம், போக வழியில்லாமல் பெட்டிகளில் குந்தியிருந்த அவ்வளவு சனமும் எழும்பிக் கைதட்டியது, விசிலடித்தது, காலால் நிலத்தை உதைத்தது. ரத்து என்ற சொல் ஒருவர் காதிலும் விழவில்லை. நான் வெட்கத்தை விட்டுச் சத்தமாகச் சிரித்தேன். பனியை வென்றுவிட்டோம் என்ற சந்தோசம் எனக்குத் தலைகால் தெரியாமல் ஏறியது.

ஸ்டேஷன் கடையில் சாப்பாடு முடிந்துவிட்டது. மாமா அலைந்து ஆளுக்கொரு கோப்பி வாங்கிவந்தார். அங்கே பொழுதுபட்டிருக்கும், விளக்கு வெளிச்சத்தில் அம்மா இலை போட்டிருப்பா. புத்தூரில் பெண் மாப்பிள்ளை இல்லாத பந்தி. இங்கே பந்தி இல்லாத பெண் மாப்பிள்ளை. இரண்டையும் கூட்டினால்தான் என் கலியாணம் ஒன்று.