பெட்டி வண்டியின் சிவப்பு விளக்கு

சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்து என்று அர்த்தம். ஆனால் பட்டறைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த விளக்கை நிறுத்தச் சொல்லித்தான் வருவார்கள். கார் வைத்து அவதிப்பட்ட உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறுபதுகளில் டேஷ்போர்டில் இரண்டே இரண்டு பொட்டு விளக்கு. ஒன்று பேட்டரிக்கு, ஒன்று ஆயிலுக்கு. எரிந்தால் ஏதோ கோளாறு. என்ன கோளாறு என்று அது சொல்லாது. அதைச் சொல்லத்தான் கல்மண்டபம் பக்கத்தில் நான் பட்டறை போட்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் எனக்குச் சரிப்படவில்லை. ஹார்பர் லாரி ஷெட்டில் ஸ்பானரால் மண்டையில் வாங்கியதுதான் என் படிப்பு. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பேரத்தில் என்னை மடக்கியவன் கிடையாது. என்னைத் திணறடித்தது ஒரே ஒரு வண்டி. ராயபுரத்தில் சவப்பெட்டி செய்கிற மரியதாஸின் சவ வண்டி; பெட்டி வண்டி என்பார்கள். அதன் டிரைவர் பெயர் ஆரோக்கியம். பேரைப் பார், ஓட்டுகிற வண்டியைப் பார் என்று நான் அவனைச் சீண்டாத நாளில்லை.

சாவி ஜோபில், விளக்கு வண்டியில்

ஐப்பசி மழை. மதியமே இருட்டிக்கொண்டு இருந்தது. ஆரோக்கியம் நனைந்தபடி ஓடி வந்தான். "அண்ணாத்தே, சாவி என் ஜோபில கீது. வண்டில வெளக்கு எரியுது!" "பட்டப்பகல்லயே ஊத்திக்கினியாடா?" என்றேன். "மாதா மேல சத்தியம். வந்து பாரு."

போனேன். மரியதாஸின் ஷெட்டில் புதுப் பெட்டிகளைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். நடுவில் வண்டி. உள்ளே யாரும் இல்லை, சாவித் துவாரம் காலி. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. தச்சர்கள் அத்தனை பேரும் வெளியே மழையில் நின்றார்கள். உள்ளே வருவதைவிட நனைவது மேல் என்று முடிவு செய்திருந்தார்கள் போல. பானெட்டைத் தூக்கி டைனமோவைத் தொட்டேன், சுட்டது. காலைச் சவாரிக்குப் பிறகு நகராத வண்டி! கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. கட்-அவுட் என்கிற சின்னப் பெட்டிக்குள் இரண்டு தகடு உண்டு. வண்டி நின்றதும் அவை பிரிய வேண்டும். பிரியாமல் ஒட்டிக்கொண்டால் பேட்டரி கரண்ட் டைனமோவுக்குள் திரும்பி ஓடும். சாவி இல்லாமலே விளக்கு எரியும். நெம்பிப் பிரித்தேன். அணைந்தது. "தகடு ஒட்டிக்கினு இருந்திருக்கு. இதுக்கு இம்மா ஆர்ப்பாட்டமா?" என்று சத்தம் போட்டேன். ஆரோக்கியம் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னான்: "தகடுன்னு சொன்னே, சரி. இத்தினி நாளா ஒட்டாதது, காலைல கொளந்தப் பொட்டி ஏத்துன அன்னிக்குப் பாத்து ஏன் ஒட்டுச்சு?"

மணல் மூட்டைக்கு எரியவில்லை

அடுத்தது ஆயில் விளக்கு. பெட்டியில் ஆள் இருந்தால் வழியில் எரிகிறது, இறக்கிவிட்டுத் திரும்பினால் எரிவதில்லை. ஆரோக்கியம் ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். அவனை விட்டால் பிணத்தோடு அந்த வண்டியை எடுக்க ராயபுரத்தில் வேறு ஆள் இல்லை. மரியதாஸ் பதறினார். பாரம் ஏறினால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று நினைத்து, ஓர் ஆள் கனத்துக்கு மணல் மூட்டை ஏற்றித் திருவொற்றியூர் வரை விரட்டிக்கொண்டு போய் வந்தேன். விளக்கு கண்ணே திறக்கவில்லை. "மணலுக்கு உசுரு இல்ல அண்ணாத்தே" என்றான் ஆரோக்கியம். "பொணத்துக்கு மட்டும் கீதாடா, முட்டாள்?" என்று பாய்ந்தேன். அவன் கொஞ்சம் யோசித்தான். "இருந்துச்சு இல்ல?"

பேண்டுக்குப் பின்னால் ஒரு சவாரி

வேறு வழியில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு சாவு. ஆரோக்கியத்தின் கையில் காலில் விழாத குறையாகப் பேசி ஓட்டவைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முன்னால் பேண்டு, பின்னால் ஜனம். ஊர்கிற வண்டியில், முதுகுக்குப் பின்னால் பெட்டியோடு உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், நம் மூச்சே நமக்குச் சத்தமாகக் கேட்கும். காசிமேட்டுக் கல்லறைப் பக்கம் திரும்பியதும் விளக்கு ஒருதரம் சிமிட்டியது. பிறகு நின்று எரிந்தது. யாரோ விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

இஞ்சின் சத்தத்தைக் கேட்டேன். பிடிபட்டது. இரண்டு மைல் தூரம் நடை வேகம். இஞ்சின் தூங்குகிற மாதிரிச் சுற்றுகிறது, சூட்டில் ஆயில் தண்ணீராகிவிடுகிறது. பேரிங் தேய்ந்த வண்டியில் ஆயில் மேலே ஏற வலு இல்லை. அதனால் எரிகிறது. காலி வண்டியை வேகமாக ஓட்டினால் பம்பு தள்ளும், அணைந்துவிடும். மணல் மூட்டையை நான் விரட்டிக்கொண்டு போனதுதான் தப்பு. இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு தலையாட்டினான். "நீ சொல்றதும் சரிதான். பேண்டுக்காரன் நடக்கிற வேகத்துலதானே அண்ணாத்தே உசுரும் நடக்கும்?"

நனைந்த குடை

இப்படியே ஓட்டினால் ஊர்வலத்தின் நடுவில் இஞ்சின் இறுகி நின்றுவிடும் என்று மரியதாஸிடம் சொன்னேன். பாதி விலைக்குக் கேட்டார். "பாதி இஞ்சின்தான் செய்வேன், எந்தப் பாதி வேணும்?" என்றேன். வழிக்கு வந்தார். பேரிங் மாற்றினேன், பம்பு மாற்றினேன். அதற்குப் பிறகு எத்தனை மெதுவாகப் போனாலும் விளக்கு எரியவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

பங்குனியில் ஆரோக்கியம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். விளக்கு எரிந்தால் செத்தவர் போகச் சம்மதித்துவிட்டார் என்று ஜனங்கள் எப்போதோ கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். இப்போது எரிவதில்லை. அதனால் செத்தவர்கள் யாரும் போகவில்லையாம். பழைய ஹார்பர் குமாஸ்தா ஒருவரை அடக்கம் செய்த பிறகும், வீட்டில் அவர் குடை தினமும் நனைந்திருக்கிறதாம். "எவனோ தண்ணி ஊத்தி வெளயாடுறான்" என்று கத்திக்கொண்டே போய்ப் பார்த்தேன். ஆணியில் குடை தொங்கியது. வெளியே தார் உருகுகிற வெயில். கூரையில் ஓட்டை இல்லை. குடை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. யாரையும் திட்டாமல் திரும்பி வந்தேன்; எனக்கு அது புதுசு. பட்டறையில் மரியதாஸ் காத்திருந்தார். "நீ பண்ணது நல்ல வேலதான் வாத்தியாரே. ஆனா போறவங்களுக்கு வழிய அடச்சிட்டியே."

காசிமேட்டு வாசலில்

அந்த வாரமே கப்பலின் சரக்கு அறைக்குள் தவறி விழுந்து லூர்து என்கிற துறைமுகத் தொழிலாளி இறந்துபோனார். அன்று சாயங்காலமே ஆரோக்கியம் யாருடைய சைக்கிளிலோ வந்து என்னை இழுத்துக்கொண்டு போனான். கல்லறை வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பாதர் நிற்கிறார், ஜனம் நிற்கிறது, வெட்டிய குழி காத்திருக்கிறது. லூர்தின் மனைவி ரீட்டா முன் சீட்டில் உட்கார்ந்து, டேஷ்போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். பெட்டியை இறக்க விடவில்லை. "இந்தாம்மா, பொழுது போகுது" என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "காலைல கொழம்புல உப்பு இல்லன்னு ரெண்டு வார்த்த சொன்னாரு. நான் நாலு சொன்னேன். சாப்புடாம பூட்டாரு. அந்தக் கோவத்தோடவே படுத்துக்கினு கீறாரு. அவரு சரின்னு சொல்லாம நான் மண்ணு போட வுடமாட்டேன்." யாரிடமும் பேரம் பேசி விலையை இறக்கிவிடுவேன். அவள் பேரத்துக்கே வரவில்லை.

ஆரோக்கியத்தைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "ஒயரைப் புடுங்கி இரும்புல வெக்கிறேன், எரியும். நீ வாயத் தொறக்காத" என்றேன். பானெட்டைத் தூக்கியதும் நான் அவள் கண்ணுக்கு மறைந்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஆயில் விளக்கின் ஒயர் இரும்பைத் தொட்டால் எரியும், தொடாவிட்டால் எரியாது. மூன்றாவது நிலைமை கிடையாது. ஒயரைப் பிடுங்கினேன். இரண்டு விரலால் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் கை தயங்கியது. அப்போது உள்ளேயிருந்து அவள் குரல் தாழ்வாக வந்தது. "எரியுது." ஒயர் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சாண் வெறும் காற்று. எட்டிப் பார்த்தேன். அவள் முகம் சிவப்பாக இருந்தது. "கோவம் போச்சா? சரி, போ" என்றாள், யாரிடமோ. பிறகு இறங்கி வழிவிட்டாள். ஆட்கள் பெட்டியைத் தோளில் எடுத்த நிமிஷம் விளக்கு அணைந்தது.

மறுநாள் அந்த ஒயரை முழுசாக உருவி வெளியே எடுத்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன். எங்கும் தோல் உரியவில்லை, எங்கும் கசியவில்லை. ஆரோக்கியம் டீ கிளாஸோடு வந்து என் முதுகில் தட்டினான். பல நாள் கழித்துச் சிரிப்போடு இருந்தான். "பேயி, பிசாசுன்னு நான்தான் பேஜாரு பண்ணிக்கினு இருந்தேன். நல்ல நேரத்துல ஒயர வெச்ச பாரு அண்ணாத்தே, எல்லாம் உன் கை வேலதான்னு நேத்துதான் எனக்குப் புரிஞ்சுது!"

ஆகவே, சக அவதியாளர்களே, சிவப்பு விளக்கு எரிந்தால் ஆயிலைப் பாருங்கள், ஒயரைப் பாருங்கள், இரண்டும் சரியாக இருந்தால் உங்களோடு வண்டியில் வேறு யார் வருகிறார்கள் என்று மட்டும் என்னிடம் வந்து கேட்காதீர்கள்.