டேபிள் படத்தில் முத்துமாரி

பதினான்காம் நம்பர் செட்டில் தீப்பிடித்தபோது உள்ளே வேலை செய்தவர்கள் நான்கு பேர். நான்கு பேரும் காயமில்லாமல் ஓடி வந்துவிட்டார்கள். ஆனால் கேட்டில் இருந்த கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த பட்டியலில் ஐந்து பெயர் இருந்தது. ஐந்தாவது பெயர் முத்துமாரி.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி அது. 2005, 2006 வாக்கில் நான் விருதுநகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் இருந்தேன். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பருப்பு வியாபாரம். நான் ஒருத்திதான் கீபோர்டைத் தட்டிப் பிழைத்தேன். அந்தக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதியது எங்கள் ஆபீஸ். எழுதிய சுப்புராஜ் பெங்களூருக்குப் போய்விட்டதால் பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது.

முத்துமாரியை அன்று காலையிலேயே பேக்கிங் செட்டுக்கு மாற்றியிருந்தார்கள். சங்கு ஊதியதும் பேக்கிங் ஆட்கள் பின் கேட் வழியாக வெளியேறி ரோட்டுக்கு அப்பால் நின்றிருக்கிறார்கள். முன் கேட்டில், சேதி கேட்டு ஓடி வந்த அவர் கணவர், பட்டியலில் மனைவி பெயரைக் கேட்டுவிட்டு ஒரு மணி நேரம் கரிந்த செட்டையே பார்த்துக்கொண்டு நின்றாராம். மனைவி நடந்து வந்த பிறகுதான் அவருக்கு அழுகையே வந்ததாம். மறுநாள் நான் கம்பெனிக்குப் போனதும் இதைத்தான் முதலில் சொன்னார்கள்.

"ஏம்மா நசீமா, உசுரோட இருக்கற பிள்ளைய உங்க கம்ப்யூட்டர் கொன்னுருச்சே?" என்றார் மேனேஜர். நான் புரோகிராமைத் திறந்து டேபிள்களை, அதாவது தகவலை வரி வரியாகச் சேர்த்து வைக்கும் அட்டவணைகளை, எண்ணினேன்.

மொத்தம் நாற்பத்தேழு டேபிள். எது எதோடு சேருகிறது என்று ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. டேபிள் அமைப்பைப் படித்துத் தானாகவே படம் வரைந்து தரும் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. ஓட விட்டேன். நாற்பத்தேழு கட்டம் வந்தது, கோடு ஒன்றுகூட வரவில்லை. இந்த டேபிளில் உள்ள நம்பர் அந்த டேபிளில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று கட்டிப்போடுவதற்கு ஃபாரின் கீ என்று பெயர். அதைப் பார்த்துத்தான் கருவி கோடு போடும். சுப்புராஜ் ஓர் இடத்தில்கூட அதைப் போடவில்லை.

மேனேஜருக்கோ படம் பிடித்துவிட்டது. "நல்லாத்தானம்மா இருக்கு? நம்ம செட்டு மாதிரியே அம்புட்டும் இடைவெளி விட்டு நிக்குது. ஒண்ணு பத்துனா அடுத்ததுக்குப் போகாதுல்ல?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு சுப்புராஜுக்கு போன் போட்டேன். அவன் அப்பா பட்டாசுக் கம்பெனி போர்மேன்.

"தெரிஞ்சுதான்க்கா விட்டேன். ஒரு டேபிள்ல கோளாறு வந்தா மத்ததுக்குப் பரவக் கூடாதுல்ல? எங்கய்யா செட்டுக்குச் சொல்றதத்தான் நான் டேபிளுக்குச் செஞ்சேன்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெடிமருந்துக்குச் சரியான அந்தப் புத்தி தகவலுக்கு ஆகாது.

எந்த டேபிளில் உள்ள நம்பர்கள் வேறெந்த டேபிளில் இருக்கின்றன என்று ஒப்பிட்டுப் புள்ளிக்கோடு போட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். இரண்டாவது படத்தில் கோளாறு பல்லைக் காட்டியது. காலையில் ஆளை மாற்றினால் 'இன்றைய வேலை' டேபிள் மட்டும் மாறும். கேட் பட்டியலோ 'நிரந்தர செட்' டேபிளைப் படிக்கும். இரண்டுக்கும் நடுவில் கோடு இல்லை. பட்டியலை இன்றைய வேலைக்கு மாற்றி, விட்டுப்போன ஃபாரின் கீ எல்லாவற்றையும் போட்டு முடிக்க ஒரு வாரம் ஆனது.

புதுப் படத்தை ஆபீஸ் சுவரில் ஒட்டும்போது முத்துமாரி வந்து நின்றார்.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

'தொழிலாளி' கட்டத்தைக் காட்டினேன். அதில் விரலை வைத்துக் கோடு கோடாகப் போனார். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்: செட், வேன், வருகை, சம்பளம்.

"எங்க வீட்டுக்காரரு எங்கன?"

"அவர் இங்க வேலை பாக்கலையேக்கா."

"அன்னைக்குக் கேட்டுல நின்னது அவருதானம்மா. நான் இருக்கேனா இல்லையான்னு யாருக்குச் சொல்லுவீக? அது இதுல இல்லையே."

கருவி இருக்கிற டேபிளைத்தான் வரையும். விட்டுப்போனதைச் சொல்ல, அந்தக் கட்டத்துக்குள் இருக்கிற ஆள்தான் வர வேண்டும். அதற்குப் பிறகு எந்தப் படத்தையும் அதில் வருகிற ஆட்களிடம் காட்டாமல் நான் முடித்ததில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இது ஒன்றுதான் உண்டு.

நாற்பத்தெட்டாவது டேபிளை அன்று மதியமே திறந்தேன். முதல் வரிக்கு முத்துமாரி பக்கத்தில் நின்று விவரம் சொன்னார்: கணவர் பெயர், அவர் லோடு ஏற்றும் இடத்துக்கு எதிரே உள்ள டீக்கடையின் போன் நம்பர்.