சிப்பாய் தட்டிப் பார்த்த படகு

சண்டைக் காலம் அது. பழைய பைபர் படகொன்றை வாங்கி, நானும் என் கணவரும் திருகோணமலைக் கரையில் இறக்கப் போனோம். மஞ்சள் பெயின்றின் பளபளப்பில் அவருக்கு ஒரே பெருமை.

வழியில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் சிப்பாய் ஒருவர் இரும்புக் கம்பியால் படகின் தளத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்ட சத்தம் நடுவில் மட்டும் 'தொப்' என்றது.

"உள்ள என்ன ஒளிச்சு வச்சிருக்கு? வெட்டு!"

"ஒண்டும் இல்லை, சேர்!" என்றார் என் கணவர். எனக்கோ ஒரே யோசனை: முன்பு வைத்திருந்தவர் எதையாவது ஒளித்திருந்தால்?

என் கணவர் மரம் அறுக்கும் வாளால் தளத்தை அறுத்தார். கறுப்புத் தண்ணீர் கசிந்தது. படகைத் தாங்குவதற்காகப் பைபருக்குள் பொதிந்திருந்த மரச்சட்டம், தேநீரில் நனைந்த பாண் துண்டு போல அவர் கையோடு வந்தது. வேறொன்றும் இல்லை!

சிப்பாய் அதைப் பிசைந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதிலயா கடலுக்குப் போறது? ஒரு அலைக்கு ரெண்டாப் போகும்!"

தப்பினோம் என்று நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

படகுக்குப் புது மரச்சட்டம் போட்டாயிற்று. இப்போது பெயின்றைப் பார்த்து மயங்குவதில்லை; தளம் முழுவதையும் நானே அடிக்கடி தட்டிப் பார்க்கிறேன். சாவடியில் கம்பியைக் கண்டாலோ, என் கணவர் முந்திக்கொள்வார்: "நல்லாத் தட்டுங்கோ, சேர்!"