எப்போதும் உட்காருகிற மாதிரி

“எப்பவும் எப்படி உக்காருவீங்களோ, அப்படியே உக்காருங்க” என்று வண்டியை ஓட்டுகிறவரை உள்ளே ஏற்றிய பிறகுதான் பல்பக்கா வேலையைத் தொடுவார். கார்களின் மின்கோளாறு பார்ப்பது தொழில். இரண்டு வயர் பிடித்த பழைய ஹெட்லைட் பல்பு எந்நேரமும் கழுத்தில் தொங்கும். பெயர் அதனால் வந்தது.

“அமுக்குங்க” என்னும்போது அவருடைய வலது காலும் தரையை அமுக்கும். “விடுங்க” என்றால் எழும். பட்டறையில் கூட இருக்கும் தம்பிக்கு இதில் தினமும் சிரிப்பு.

“பூமிக்கு பிரேக் போட்டுடாதக்கா. நின்னுடப் போவுது.”

“நின்னா உனக்கென்னடா? நீ காலையிலேருந்து நின்னுகிட்டுத்தான இருக்க?”

அன்று வந்தது ஒரு வாடகைக் கார். காலையில் கணவன் ஓட்டுவார், மாலையில் மனைவி. பிரேக் விளக்கின் ஃபியூஸ் கணவன் ஓட்டும்போது மட்டும் எரிந்துபோகிறது. வேறொரு பட்டறையில் சுவிட்சை மாற்றியும் பயனில்லை. முந்தின நாள் பின்னால் வந்த வேன் மோதாமல் மயிரிழையில் தப்பியது.

“இவரு காலு அப்படிக்கா. மிதிச்சாலே ஏதாவது புகையும்” என்றார் மனைவி. “இன்னிக்குச் சரியாகலன்னா ரெண்டு வேளையும் நானே ஓட்டிக்கிறேன்.”

கணவன் ஏற்கெனவே பளபளத்த பக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேரும் ஓட்டுறீங்கன்னா ரெண்டு பேரும் உக்காரணும்.”

பல்பக்கா ஃபியூஸ் இருந்த இடத்தில் தன் பல்பை மாட்டினார். மின்சாரம் விளக்குக்குப் போகாமல் வழியில் கசிந்தால் அது பளிச்சென்று எரியும். முதலில் மனைவி மிதித்தார். பல்பு மங்கலாக எரிந்தது; பின்விளக்குகள் அரைத்தூக்கத்தில் சிவந்தன. குறையில்லை. அடுத்து கணவன். மனைவியின் தோளுக்குத்தான் இருப்பார். ஏறியதும் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். மிதித்ததும் பல்பு கண்ணைக் கூசவைத்தது. பின்விளக்குகள் எரியவே இல்லை.

“நான் சொல்லல?” என்றார் மனைவி.

பல்பக்கா குனிந்து, பெடலுக்கு மேலிருந்த சுவிட்சின் இணைப்பைப் பிடுங்கினார். பல்பு அணைந்தது. திரும்ப மாட்டினார், எரிந்தது.

“சுவிட்சு வரைக்கும் சுத்தம். அதைத் தாண்டித்தான் எங்கேயோ இரும்புல படுது. அண்ணே, மிதிச்ச காலை எடுக்காம சீட்டைப் பின்னாடி தள்ளுங்க.”

“எட்டாதேம்மா.”

“நுனிக்காலால எட்டுங்க.”

கணவன் ஏறக்குறையப் படுத்தே மிதித்தார். பல்பு மங்கியது. சீட்டை முன்னால் இழுத்தார்; மறுபடி பளிச்.

தரைவிரிப்பைத் தூக்கினால், பின்விளக்குக்குப் போகும் வயர், சீட்டு நகரும் சட்டத்தின் அடியில் தோலுரிந்து கிடந்தது.

“காலு மேல பழி போட்டீங்களேம்மா! அண்ணன் சீட்டை இழுக்கும்போதெல்லாம் அது வயரைக் கடிக்குது.”

மனைவி குனிந்து, வெளியே தெரிந்த செம்புக் கம்பியைப் பார்த்தார். “குள்ளமா இருக்கிறதுக்கு இம்புட்டுச் செலவா!”

“உன் உயரத்துக்கு ஆகுற துணியைவிடக் கம்மிதான்” என்றார் கணவன். காலையிலிருந்து அவர் மனைவியிடம் பேசிய முதல் வார்த்தை. மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வயரை ஒட்டி, டேப் சுற்றி, ஓரமாக ஒதுக்கிக் கட்டிப் புது ஃபியூஸ் போட்டதும் கணவன் காரை எடுத்தார். மனைவி பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். பல்பக்கா வாசலில் நின்றார். கார் தெருமுனையை நெருங்கியபோது அவருடைய வலது கால் தரையை மெல்ல அமுக்கியது. இரண்டு விளக்குகளும் சிவந்தன. கார் திரும்பி மறையும்வரை அவர் காலை எடுக்கவில்லை.