இடுப்பளவு இருபத்திநாலு

எங்கள் தையல் கடையில் அவளை எல்லோரும் அளவுக்காரி என்றுதான் கூப்பிடுவோம். அளவெடுத்துத் துணி வெட்டுவது அவள் வேலை. காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் என் வேலை. பதினொரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை.

இடுப்பில் டேப்பை வைத்தால் எந்தப் பெண்ணும் வயிற்றை எக்கிக்கொள்வாள். அளவுக்காரி விடமாட்டாள். "மாமியார் நல்லா இருக்காங்களா?" என்று வாயைக் கிளறுவாள். மாமியார் பேச்சு வந்துவிட்டால் யாருக்கு வயிற்றின் ஞாபகம் இருக்கும்? மூச்சு தன்பாட்டில் போய்வரும்போது எண்ணைக் குறித்துக்கொள்வாள். அவள் வெட்டிய துணி இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒருத்திகூடத் திரும்பி வந்ததில்லை.

அப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது, முதலாளியம்மாவுக்கு விக்டோரியா காலத்து உடைமேல் பைத்தியம் பிடித்தபோது. கழுத்தை மூடும் காலர், உப்பிய கை, இடுப்பை இறுக்கும் கச்சு. "இதையே ஆபீசுக்குப் போட்டுட்டுப் போற மாதிரி மாத்திக் குடு" என்றார். அளவுக்காரி மாற்றினாள். கையின் உப்பலைப் பாதியாக்கினாள். தரை கூட்டும் பாவாடையைக் கணுக்காலுக்கு ஏற்றி, பாக்கெட்டும் வைத்தாள். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

கச்சுதான் கருமம். விறைப்பாக நிற்பதற்கு அதற்குள் பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை நறுக்கிச் சொருகச் சொன்னார் முதலாளியம்மா. முதுகில் நாடா கோக்க இருபது ஓட்டை. அத்தனையும் நான் போட்டவை.

அதை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு கடை வாசலில் நிற்க ஒரு பெண் வேண்டியிருந்தது. அளவுக்காரியின் தங்கச்சி வந்து சேர்ந்தாள். அவளுக்கு அது முதல் வேலை. அவள் இடுப்பு இருபத்தெட்டு. முதலாளியம்மா கேட்டது இருபத்திநாலு. "வரலைன்னா வேற பொண்ணப் பாத்துக்குறேன்" என்றார், கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி.

முதல் வாரக் கடைசியில் அந்தக் கச்சு ஓட்டை சரிபார்க்க என் மேஜைக்கு வந்தது. வேர்வை ஊறிப் புளித்த நாற்றம். பட்டை முனை குத்திய இடத்தில் ரத்தக் கறை. இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தேன். அளவுக்காரி அதை வாங்கிப் பார்த்தாள்.

மறுநாள் புதுக் கச்சு வெட்டினாள், தங்கச்சியின் நிஜ அளவுக்கே. பக்கத் தையலை முன்னால் தள்ளி, கீழே பாவாடையை விரித்துவிட்டாள். பார்வைக்கு இடுப்பு ஒடுங்கித் தெரியும், உள்ளே தாராளமாக மூச்சு விடலாம். நாடாவையும் தளர்த்தியே கட்டுவாள். அளவுச் சீட்டில் மட்டும் இருபத்திநாலு என்று எழுதி ஒட்டினாள். தங்கச்சிக்கும் சொல்லவில்லை. "பாத்தியா, பழகினா வந்துடும்" என்று முதலாளியம்மா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டினார். எனக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போட்டோ எடுக்க ஆள் வந்தார். அவர் முன்னால் பெருமையடிக்க முதலாளியம்மாவே டேப்பைச் சுற்றினார். இருபத்தெட்டு.

தங்கச்சி முகம் சிவந்து அக்காவைப் பார்த்தாள்.

"ஏமாத்திட்டியாக்கா? இளைச்சிட்டேன்னு வீதி முழுக்கச் சொல்லிட்டு வந்தேனே!"

"நீ மூச்சு விடணும்னுதான்டி."

"உன்னை யாரு கேட்டா? இப்ப இழுத்துக் கட்டு."

"மாட்டேன். வேலை போனா போகட்டும்."

இத்தனை நாள் முதலாளியம்மாவைப் பார்த்து அருவருத்தவள் நான். இப்போது அந்தப் பெண்ணைப் பார்த்தும் அருவருத்தேன். பட்டை குத்திய புண்ணே இன்னும் ஆறவில்லை, அதற்குள் கேட்டு வாங்குகிறாளே. அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நீங்களாவது இழுங்கக்கா. ஒரே ஒரு இழுப்பு."

அளவுக்காரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாடாவைப் பிடித்து இழுத்தேன். ஒரு இழுப்புதான் அந்தப் பெண் கேட்டாள். முதலாளியம்மா பார்க்கிறாரே என்று நான் இன்னொரு இழுப்பும் இழுத்தேன்.