ராக்கையாவின் நீளம்

சங்கிலியம்மாளுக்கு நாற்பத்தெட்டு வயது. மார்க்கையன்கோட்டை வயல்களில் நாற்று நட்டு இரண்டு பெண்களைப் படிக்க வைத்தவர். கணவர் ராக்கையா கல்குவாரியில் பாறைக்குத் துளை போடுபவர். தை மாதம் பாறை சரிந்து செத்துப்போனார். ‘தன் கவனக்குறைவால் தவறி விழுந்தார்’ என்று போலீஸ் எழுதிவிட்டது. டீக்கடைக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு, “குடிச்சிருப்பாக” என்றான். “ஏலே, உன் கடன் டீயத் தவிர அவுக எதைக் குடிச்சாக?” என்று கேட்டுவிட்டு வந்தார் சங்கிலியம்மாள். போலீஸ் எழுதிய அந்த ஒரு வரியை அடிக்க வைக்கத்தான் அலைகிறார்.

விபத்தன்று குவாரிக்காரர்கள் கேட்டைப் பூட்டி உறவினரை வெளியே நிறுத்தினார்கள். சங்கிலியம்மாளின் அண்ணன் மகன் விஜய்ராஜ் கல்யாண வீடியோ எடுப்பவன். மாமா உயிரோடிருக்கிறாரா என்று பார்க்க ட்ரோனைக் குழிக்குள் இறக்கினான். அடிப்பாறையில் கூட வேலை பார்த்தவர்கள் ராக்கையாவை நீட்டிக் கிடத்தியிருந்தார்கள்.

மறுநாளே குவாரிக்காரர்கள் நீர் இறைக்கும் மோட்டாரை நிறுத்தினார்கள். குழி நிறைந்தது. எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று இனி யாரும் இறங்கி அளக்க முடியாது. ஆண்டுதோறும் முனிக்குக் கிடா வெட்டிய முதலாளி, பாறை சரியாமலிருக்கப் படி வெட்டவில்லை. ஊர் ‘விதி’ என்றது. விதிக்கு வெடிமருந்து உரிமம் கொடுத்தது யார்?

விஜய்ராஜ் வீடியோவைத் தேனியில் நில அளவை வேலை பார்க்கும் அபிதாவிடம் கொண்டுபோனான். அவள் அதை நூற்றுக்கணக்கான படங்களாகப் பிரித்து, கம்ப்யூட்டரில் குழியை அப்படியே எழுப்பினாள்.

“வடிவம் வந்துருச்சு. ஆழம் சொல்லணும்னா, நீளம் தெரிஞ்ச பொருள் ஏதாச்சும் படத்துல வேணும்க்கா.”

சங்கிலியம்மாள் பையிலிருந்து பிரேதப் பரிசோதனை அறிக்கையை எடுத்தார்.

“அவுக நீளம் இதுல இருக்கு, தாயி.”

நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர். அதை அளவுகோலாக வைத்து அளந்தார்கள். அனுமதி அறுபது அடி. வெட்டியது தொண்ணூறுக்கு மேல். சில அடி முன்பின் இருந்தாலும் மீறல் மீறல்தான். படியில்லாத செங்குத்துச் சுவரில் புதிதாகப் பிளந்த வடுவும் தெரிந்தது. ராக்கையா விழவில்லை. சுவர்தான் அவர்மேல் விழுந்தது.

கனிமவள அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய படத்தை அபிதா காட்டினாள். சங்கிலியம்மாள் குனிந்து தேடினார்.

“அங்கனதான கெடந்தாக? எங்க அவுகள?”

“தரை மாடல்ல தரை மட்டுந்தான் இருக்கணும்க்கா. மரம், வண்டி, ஆளு எல்லாத்தையும் எடுத்துருவோம்.”

“அளக்க வேணும், காட்ட வேணாமாக்கும்?”

அபிதா இரண்டு விதமாகவும் அச்சடித்துக் கொடுத்தாள்.

அதிகாரி ராக்கையா இருந்த படத்தைத் திருப்பித் தந்தார். “பிணம் கெடக்கும்மா இதுல. வெறும் குழி போதும்.” வெறும் குழியை வாங்கி முத்திரை குத்தினார். போலீஸ் எழுதிய அந்த வரி இன்னும் அடிக்கப்படவில்லை.

ஏழு மாதமாகத் திங்கள்தோறும் மனுவோடு தேனி பஸ் ஏறுகிறார். பையில் அந்தப் படம். அதில் ராக்கையா ஓர் அரிசி நீளம். மடிப்பு அவர்மேல் விழாதபடி மடித்து வைத்திருக்கிறார்.