மருந்துப் பெட்டியில் வெற்றிலை

கற்பிட்டியில் டொல்பின் பார்க்க எங்களை ஏற்றிப்போன படகோட்டிக்கு நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி. மூச்சுக்கு மூச்சு அல்லாஹ்வின் பெயரைச் சொல்வார். நடுக்கடலில் படகு தூக்கிப்போட்டதில் என் மகளின் நெற்றி கம்பியில் மோதி இரத்தம் கொட்டியது. படகிலிருந்த மருந்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெற்றிலையும் புகையிலையும்தான் இருந்தன.

“மருந்தெங்க நானா?” என்று அண்ணன் முறை வைத்தே கேட்டேன்.

“அது ஊட்டுல பத்திரமா இருக்கு. ஆபீசர்மார் படகு செக் பண்ண வாற நாளைக்கு மட்டும் கொண்டு வருவன். உப்புத்தண்ணி பட்டா பழுதாப்போகும்தானே. பயப்படாதீங்க, அல்லாஹ் இருக்கான்.”

மனைவி தன் முந்தானையால் காயத்தை அழுத்திப் பிடித்தபடி கரைவரை அழுதாள். ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஆறு தையல் போட்டார்கள்.

தன் கவனயீனத்துக்கு அல்லாஹ்வைச் சாட்டிய அந்த மனிதர், அந்த வெள்ளிக்கிழமை கற்பிட்டிப் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகையில் என் பக்கத்தில் வந்து நின்றார். தோளோடு தோள் சேரவேண்டிய வரிசையில் நான் அருவருத்து ஒரு சாண் விலகி நின்றேன். அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.